ஹெர்மெஸை வணங்க ஆசை, அறிகுறி எதுவும் வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: ஹோமரின் காவியங்களைப் படித்ததிலிருந்து கிரேக்கக் கடவுள் ஹெர்மெஸ் மேல் பெரிய ஈடுபாடு வந்துவிட்டது. தினமும் மனதுக்குள் அவரோடு பேசுகிறேன். வாடகை அறை என்பதால் விளக்கோ தூபமோ ஏற்ற அனுமதி இல்லை. சில மாதங்கள் ஆகியும் கனவு, சகுனம் என்று எதுவும் வரவில்லை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையா? முறைப்படி எப்படித் தொடங்குவது? கிரேக்கர் அல்லாத நான் தொடங்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தாராளமாகத் தொடங்கலாம். தங்கள் கடவுளரை வேற்று இனத்தார் வணங்கக் கூடாது என்று கிரேக்கர்களிடம் பொதுவான தடை ஏதும் இருந்ததில்லை. ஹெர்மெஸ் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். கிரேக்கரே அல்லாத திரேஸ் நாட்டு அரசர்கள் மற்ற எல்லாக் கடவுளரையும்விட அவரைத்தான் அதிகம் வணங்கினார்கள், அவர் பெயரில் மட்டுமே சத்தியம் செய்தார்கள், தங்கள் குலமே அவர் வழி வந்தது என்று சொல்லிக்கொண்டார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இன்றும் கிரீஸில் பழைய கடவுளரை வணங்குகிறவர்கள் இருக்கிறார்கள், 2017-ல் அந்நாட்டு அரசு அவர்களுடைய சமயத்தை அங்கீகரித்தது.

சரி, அறிகுறி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான். பேசுகிறீர்கள், காத்திருக்கிறீர்கள், ஆனால் எதையாவது கொடுத்ததாக எழுதவில்லை. கிரேக்கர்களிடம் மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள உறவு கொடுத்து வாங்கி வளர்வது. இதை வியாபாரம் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு வீட்டார் ஆண்டுக்கணக்காகப் பலகாரம் கொடுத்து வாங்கிப் பழகுவதைப் போன்றது, யார் கணக்கில் மிச்சம் என்று யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு சாண் உயர வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது, கி.மு. 700-ஐ ஒட்டிய காலத்தது. மாண்டிக்ளோஸ் என்பவர் அப்பொல்லோ என்ற கடவுளுக்குச் செலுத்திய காணிக்கை. சிலையின் தொடைகளில் எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள்: என் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காக இதைத் தருகிறேன், வெள்ளி வில்லுடையவரே, பதிலுக்கு எனக்கு மகிழ்ச்சி தருவது எதையாவது தாரும். பயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இந்தத் தொனியைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது என்று கவலைப்பட வேண்டாம். போர்ஃபிரி என்ற பழைய தத்துவவாதி ஒரு கதை சொல்கிறார். மக்னீசியாவைச் சேர்ந்த ஒரு செல்வந்தர் அப்பொல்லோ குறிசொல்லும் கோயில் உள்ள டெல்ஃபிக்கு வந்து மாடுகளை ஏராளமாகப் பலியிட்டுவிட்டு, கடவுளரை மிகச் சிறப்பாக வணங்குகிறவர் யார் என்று கேட்கிறார், தன் பெயர்தான் வரும் என்ற நம்பிக்கையோடு. ஆர்க்கேடியாவில் மெதிட்ரியோன் என்ற ஊரில் இருக்கும் கிளியார்க்கஸ் என்று பதில் வருகிறது. தேடிப்போய்ப் பார்த்தால் அது ஒரு சிற்றூர், ஆளும் வசதியில்லாதவர். என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: மாதா மாதம் புதுப்பிறை நாளில் முன்னோர் விட்டுப்போன ஹெர்மெஸ் சிலையையும் ஹெக்கெட்டி என்ற தெய்வத்தின் சிலையையும் துடைத்து மெருகேற்றி மாலை சூட்டுவேன், தூபமும் தானிய அப்பங்களும் படைப்பேன், ஒரு மாதமும் தவறவிட மாட்டேன். உங்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரியை என்னால் காட்ட முடியாது. அதில் ஹெர்மெஸே இருக்கிறார் என்பது கூடுதல் பொருத்தம்.

தினசரி வழிபாட்டுக்கு நான் சொல்வது இரவு வார்ப்பு, அதாவது கடவுளுக்குக் கொஞ்சம் பானத்தை ஊற்றிப் படைப்பது. ஹோமரின் ஒடிசி காவியத்தின் ஏழாம் பாடலில் ஒடிசியஸ் ஃபேயாக்கியர்களின் அரண்மனைக்குள் நுழையும்போது அங்கிருந்த தலைவர்கள் ஹெர்மெஸுக்குப் பானம் வார்த்துக்கொண்டிருப்பார்கள். படுக்கப் போகும் முன் கடைசியாக வார்ப்பது அவருக்குத்தான், அது அவர்கள் வழக்கம். நீங்களும் அதையே செய்யலாம். கையைக் கழுவிக்கொள்ளுங்கள், இதில் மட்டும் சமரசம் வேண்டாம், கழுவாத கையால் வார்க்காதே என்று பழைய கவிஞர் ஹெசியட் கண்டிப்பாகவே சொல்கிறார். ஒரு குவளையில் தண்ணீர் கலந்த திராட்சை மது, மது வேண்டாம் என்றால் பால், தேன் கலந்த நீர் அல்லது வெறும் தண்ணீர் எடுத்துக்கொண்டு, கொஞ்சத்தை ஒரு கிண்ணத்தில் அவர் பெயரைச் சொல்லி வார்த்துவிட்டு மீதியை நீங்கள் குடியுங்கள். கிண்ணத்தில் உள்ளதை மறுநாள் செடிக்கு ஊற்றிவிடலாம். மேலுலகக் கடவுளருக்கு வார்க்கும்போது இப்படிப் பகிர்ந்து குடிப்பதுதான் முறை. இறந்தவர்களுக்கு வார்ப்பது முழுதும் அவர்களுக்கே. ஆதென்ஸில் அந்தெஸ்தேரியா விழாவின் மூன்றாம் நாளில், ஆன்மாக்களை வழிநடத்தும் ஹெர்மெஸுக்குப் பல தானியங்களைச் சேர்த்து ஒரு பானையில் சமைத்துப் படைப்பார்கள், படைத்தவர்கள் அதை வாயில் வைக்க மாட்டார்கள். தொடக்கத்திலேயே அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. வழிப்போக்கரின் ஹெர்மெஸோடு முதலில் பழகுங்கள்.

மனதுக்குள் பேசுகிறேன் என்கிறீர்களே, அதை மாற்றுங்கள். பழைய கிரேக்கர்கள் நின்றுகொண்டு, கைகளை உயர்த்தி, வாய்விட்டுத்தான் வேண்டினார்கள், முணுமுணுப்பாக வேண்டுகிறவர்களைச் சந்தேகமாகவே பார்த்தார்கள். அறையில் வேறு ஆள் இருந்தால் தணிந்த குரல் போதும். வேண்டுதலின் அமைப்புக்கு இலியட்டின் தொடக்கத்தில் பூசாரி க்ரைசெஸ் வேண்டுவதைப் பாருங்கள். முதலில் அப்பொல்லோவை அவர் காக்கும் ஊர்களின் பெயரோடு அழைக்கிறார், அப்புறம் உனக்குக் கோயில் கூரை வேய்ந்தேனே, பலி கொடுத்தேனே என்று பழைய உறவை நினைவூட்டுகிறார், அதன் பிறகுதான் தனக்கு வேண்டியதைக் கேட்கிறார். உங்களுக்கு இன்னும் நினைவூட்டப் பழைய உறவு இல்லை, அதனால் முதல் சில வாரங்கள் எதுவும் கேட்காமல், கில்லீனி மலையில் பிறந்தவரே, மாயாவின் மகனே, வழித்துணையே என்று அழைத்து வார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்பதற்கு அடித்தளம் தானாக உருவாகும்.

இதோடு ஹெர்மெஸ் துதிப்பாடலையும் படித்துவிடுங்கள். ஹோமர் பெயரால் வழங்கும் துதிகளில் இது மிக நீளமானவற்றில் ஒன்று. விடியலில் பிறந்து, நண்பகலில் ஆமை ஓட்டில் யாழ் செய்து வாசித்து, மாலையில் அப்பொல்லோவின் ஐம்பது மாடுகளைத் தடம் தெரியாதபடி பின்னோக்கி நடத்திக் கடத்திவிடுகிறது அந்தக் குழந்தை. இறைச்சியைப் பன்னிரண்டு பங்காக வைக்கும்போது மணம் இழுத்தும் ஒரு வாய்கூடத் தின்பதில்லை. எனக்கு மிகப் பிடித்தது சண்டை தீரும் இடம்: ஹெர்மெஸ் யாழைக் கொடுக்கிறார், அப்பொல்லோ மாடுகளையும் சாட்டையையும் கொடுக்கிறார், அங்கிருந்து இருவரும் இணைபிரியாத நண்பர்கள். தன் அண்ணனோடே கொடுத்து வாங்கித்தான் உறவாகிறவர் உங்களிடம் மட்டும் வேறு எதை எதிர்பார்ப்பார்?

அறையில் நெருப்பு கூடாது என்பது ஒரு தடையே இல்லை. ஹெர்மெஸ் இருக்கும் இடம் வாசல், நாற்சந்தி, பாதை. ஆதென்ஸ் வீட்டு வாசல்களில் தலை பொறித்த கல்தூண்களாக நின்றார். ஊருக்கு வெளியே சாலைகளிலும் அப்படிப்பட்ட தூண்களை ஆதென்ஸை ஆண்ட ஹிப்பார்க்கஸ் நிறுவி, நேர்மையான எண்ணத்தோடு நட, நண்பனை ஏமாற்றாதே என்ற வாசகங்களைப் பொறித்தார். திருடர்களுக்கும் தெய்வம் என்பதால் குறுக்குவழிக்கு அவரைக் கூப்பிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு வரிகளைத்தான் காட்டுவேன். ஒரு அத்திப்பழமோ கொஞ்சம் தேனோ உங்கள் கதவுக்கு உள்பக்கம் வைத்தாலே படையல்தான். கதவின் கீலுக்குக்கூட அவர் காவல் என்பதால் வெளியே போகும்போது நிலையைத் தொட்டு அவர் பெயரைச் சொல்லலாம். மாதத்தில் நான்காம் நாள் அவர் பிறந்த நாள். பிறை முதலில் கண்ணுக்குத் தெரியும் மாலையிலிருந்து எண்ணுங்கள், அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் அடுப்பின் தெய்வமான ஹெஸ்டியாவுக்கு ஒரு துளி வார்க்க மறக்க வேண்டாம், அது எல்லா வழிபாட்டுக்கும் பொது. ஒரே கடவுளைப் பிடித்துக்கொண்டு மற்றவரை இகழ்வது அந்த மரபுக்கு ஆகாது. யூரிப்பிடிஸ் கி.மு. 428-ல் அரங்கேற்றிய நாடகத்தில் ஹிப்போலிட்டஸ் வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் உயிருக்குயிரான பக்தன், அவள் குரலைக் கேட்கும் பேறு பெற்றவன், ஆனாலும் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியை மதிக்காமல் அழிந்தான்.

அறிகுறி வேண்டும் என்றால் முறையாகக் கேளுங்கள். அகாயாவில் ஃபாரை என்ற ஊரின் சந்தையில் நடந்ததைப் பௌசானியஸ் என்ற பழைய பயண எழுத்தாளர் விவரிக்கிறார். மாலையில் வருகிறவர் ஹெர்மெஸ் சிலை முன்னுள்ள கல் அடுப்பில் தூபம் போட்டு, வெண்கல விளக்குகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றி, சிலைக்கு வலப்பக்கப் பீடத்தில் அவ்வூர்ச் செப்புக்காசு ஒன்றை வைத்துவிட்டு, தன் கேள்வியைக் கடவுளின் காதில் ரகசியமாகச் சொல்வார். பிறகு தன் காதுகளைப் பொத்திக்கொண்டு சந்தையை விட்டு வெளியேறுவார். வெளியே வந்து கையை எடுத்ததும் காதில் விழும் முதல் சொல்தான் பதில். கவனியுங்கள், ஒரு கேள்வி, ஒரு காசு, ஒரு பதில். நாள் முழுவதும் கண்ணில் படும் ஒவ்வொன்றையும் செய்தியாக எடுத்துக்கொள்வதற்கு இதில் இடமில்லை. அப்படித் தேட ஆரம்பித்தால் மனம்தான் களைத்துப்போகும்.

உங்களை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் இரவு வார்ப்பைச் செய்யுங்கள், நான்காம் நாளை விடாமல் பாருங்கள். நடுவில் ஓரிரவு தூங்கிவிட்டால் பரிகாரம் எதுவும் தேட வேண்டாம், மறுநாள் வார்த்தால் போதும். அதற்கப்புறம் கேட்க ஒரு கேள்வி இருந்தால், ஃபாரையில் செய்ததுபோல் ஒரே ஒரு கேள்வியாகக் கேளுங்கள், காசை உங்கள் வாசலுக்கு உள்ளேயே அவருக்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.