தையல் மிஷினும் தலைமை விருந்தினரும்

ஐயா,

காரைக்குடிப் பக்கம் ஒரு சேவைச் சங்கத்தில் நான் இந்த ஆண்டு செயலாளர். மாதம் இரண்டு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறப்புப் பேச்சாளர். அரை மணி நேரம் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரம் பேசுகிறார்கள். உறுப்பினர்கள் போனைப் பார்க்கிறார்கள். பாதிப் பேர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருகிறார்கள். நல்ல பேச்சாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவருக்குப் பணம் கொடுக்கலாமா, பொன்னாடையோடு நிறுத்திக்கொள்ளலாமா? எங்கள் தலைவரின் பிறந்தநாளன்று ரத்ததான முகாம் வைக்க நினைக்கிறோம், அதற்கும் யோசனை சொல்லுங்கள். போன மாதம் பன்னிரண்டு பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுத்தோம். தலைமை விருந்தினர் வர இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டது. மற்றபடி விழா சிறப்பாக நடந்தது. நீங்களும் ஒரு நாள் வந்து பேச வேண்டும். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள செயலாளருக்கு,

பெயர் போடவில்லை. சங்கத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். கேட்ட கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றுதான் மூன்று நாளாக என்னைக் குடைகிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பணம் கொடுங்கள். பேச வருகிறவர் தன் வேலையை விட்டு, பஸ் ஏறி, ஒரு நாளைச் செலவழித்து வருகிறார். கவரில் வைத்துப் புறப்படும்போது கையில் கொடுங்கள். பொன்னாடை வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டு பீரோவில் ஒரு தட்டு முழுக்க அதுதான். ஜரிகை குத்தும், போர்த்த முடியாது. தண்ணீரை உறிஞ்சாது, துடைக்கவும் ஆகாது. நவராத்திரிக்குக் கொலுப்படியில் விரிக்கிறோம்.

ரத்ததானத்துக்குத் தலைவரின் பிறந்தநாளை விடுங்கள். ஒரே நாளில் நூறு பேர் கொடுத்தால் பேப்பரில் படம் வரும். ஆனால் தட்டணுக்களை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் தாங்கும். ஒருமுறை கொடுத்த ஆண் மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் காத்திருக்க வேண்டும். நூறு பேரையும் ஒரே நாளில் தீர்த்துவிட்டால், அடுத்த மாதம் ஒரு பிரசவத்துக்கு அவசரமாகக் கேட்கும்போது ஊரில் யார் இருப்பார்கள்? ரத்த வங்கியில் போய் எப்போது தட்டுப்பாடு வருகிறது என்று கேளுங்கள். பட்டியல் போட்டு வாரம் நான்கு பேரை அனுப்புங்கள். கேக் வெட்ட முடியாது, அவ்வளவுதான்.

பேச்சாளர் நேரத்தைத் தாண்டுகிறார் என்கிறீர்கள். பாதித் தப்பு உங்கள் பக்கம். பக்கத்து ஊரில் ஒரு சங்கம் என்னை ஏழு மணிக்கு அழைத்தது. வரவேற்புரை, பட்டயத் தலைவர் (சங்கம் தொடங்கியபோது இருந்த முதல் தலைவர்) உரை, முன்னாள் தலைவர்கள் உரை, போன மாதத்துப் பிறந்தநாள்காரர்களுக்கு வாழ்த்து. அறிமுகம் செய்தவர் நான் எழுதாத இரண்டு புத்தகங்களுக்காக என்னைப் பாராட்டினார். மைக் என் கைக்கு வந்தபோது மணி எட்டு நாற்பது. பத்து நிமிடத்தில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'சாப்பாடு ஆறுகிறது. ஐந்து நிமிடத்தில் முடிக்கவும்.' அதைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிழியவில்லை. காரைக்குடிக்காரரிடம் போய் நேரத்தைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் உங்களுடையது. கூட்டத்தை நேரத்துக்குத் தொடங்குவதில் அவர் காட்டிய கண்டிப்பு இன்றும் ஊர்ப்பேச்சு.

யாரை அழைப்பது? தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் அடித்து உடைத்துக்கொண்டு புதுப்பிறவி எடுக்கும் கதையை நான் ஐந்து மேடைகளில் கேட்டுவிட்டேன். எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. அலகு உடைந்தால் பட்டினி கிடந்து செத்துப்போகும்.

லயன்ஸ் சங்கம் 1917இல் தொடங்கியது. கண் பணியை அது தன் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது ஒரு சிறப்புப் பேச்சாளரால்தான். 1925இல் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்துச் சீடார் பாயின்ட்டில் மாநாடு. பேச வந்தவர் ஹெலன் கெல்லர். கண் தெரியாது, காது கேட்காது. வாய்ப்பு என்பவள் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் ஒரே ஒருமுறைதான் தட்டுவாள் என்று ஒரு பழங்கதையைச் சொல்லிவிட்டு, நான்தான் உங்கள் வாய்ப்பு, உங்கள் கதவைத் தட்டுகிறேன் என்றார். பார்வையற்றவர்களுக்காக நீங்கள் இறங்கி வேலை செய்ய வேண்டும் என்று கேட்டார். சில நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் லயன்ஸ் கண் முகாம் என்று பேனர் கட்டுகிறார்களே, அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டே போனால் அந்தப் பேச்சில் போய் முட்டும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால் 1947. சென்னையில் ஒரு கூட்டத்தில் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், வசதியுள்ளவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றார். அந்த ஆண்டே கல்லூரி வந்துவிட்டது. பிறகு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இரண்டு பேச்சாளர்களும் ஒன்றைக் கேட்டார்கள், கவனித்தீர்களா? அடுத்த முறை யாரையாவது அழைக்கும்போது, எங்களிடம் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று விசாரியுங்கள். ஒன்றும் இல்லை, சும்மா பேசத்தான் வருகிறேன் என்றால் இளநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

சரி, இப்போது அந்த வரி. 'மற்றபடி விழா சிறப்பாக நடந்தது.'

யாருக்குச் சிறப்பாக? தாமதமாகிவிட்டது என்று மழை பெய்துவிட்டது என்பதுபோல எழுதுகிறீர்கள். மேடைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னிரண்டு பெண்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர் அதில் எத்தனை பேர்? பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வருமே, கதவைத் திறக்க ஆளில்லையே என்று நினைத்தவர் எத்தனை பேர்? எட்டரை மணி டவுன் பஸ்ஸை விட்டவர்கள் மிஷினை எதில் ஏற்றிக்கொண்டு போனார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. ஏனென்றால் பார்க்கவில்லை. நீங்கள் வாசலில் நின்று விருந்தினரின் கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு மணி நேரம் நீங்கள் தலைமை விருந்தினரைக் காக்கவைத்திருந்தால் சங்கத்தில் உங்கள் நாற்காலி இருக்குமா? மிஷின் வாங்கப்போகிறவள் எழுந்து போகமாட்டாள் என்கிற தைரியத்தில்தானே அத்தனையும்?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம் இருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம். என் அப்பா காரைக்குடியில் ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதினார். அந்த வருஷம் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். ஏதோ ஒரு சங்கம் இருபது பிள்ளைகளுக்குச் சீருடை கொடுக்கிறது என்றார்கள். ரொம்பக் கஷ்டப்படுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று வகுப்பில் கேட்டார்கள். நான் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் என் கையைப் பிடித்துத் தூக்கினான், நல்லெண்ணத்தில்தான். மூன்று மணிக்கு மைதானத்தில் உட்காரவைத்தார்கள். விருந்தினர் வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. என் முறை வந்தது. பொட்டலத்தை வாங்கினேன், கும்பிட்டேன், திரும்பினேன். போட்டோக்காரர் கத்தினார், 'ஃப்ளாஷ் அடிக்கலைங்க, மறுபடி ஒருதடவை.' விருந்தினர் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து பொட்டலத்தை எடுக்கப் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியதோ, விடவில்லை. அவர் இழுத்தார். ஒரு விநாடிதான். அப்புறம் விட்டுவிட்டேன். மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை வெளிச்சம் வந்தது. அந்தப் படம் பள்ளிக்கூட அலுவலக அறையில் நான் பத்தாவது முடிக்கும்வரை தொங்கியது. அதில் நான் கேமராவைப் பார்க்கவில்லை, பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். படுத்தபடியே கேட்டவர், 'நாங்களும் மண்டியில மகமை எழுதுறோம். யாரையாவது நிக்க வச்சுக்கிட்டா எழுதுறோம்?' என்றார்.

மகமை உங்கள் ஊர் வியாபாரிகளுக்குத் தெரிந்த வார்த்தை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைத் தர்மத்துக்கென்று எடுத்துவைப்பது. பேரேட்டில் அதற்குத் தனிப் பற்றுவரவு உண்டு. கொடுப்பவரின் மனம் இளகும் நாளுக்காக அது காத்திருக்காது, லாபத்தைப் பார்க்கும் முன்பே ஒதுங்கிவிடும், ஐந்தொகை எடுக்கும்போது இவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். காசியில் 1863 முதல், உங்கள் ஊர் வியாபாரச் சமூகமான நகரத்தாரின் சத்திரம் இருக்கிறது. அங்கிருந்து விசுவநாதர் பூசைக்குத் தினமும் 'சம்போ' என்று குரல் கொடுத்தபடி பொருள்கள் போகின்றன. ஒரு ஊரின் பணம் ஒன்றரை நூற்றாண்டாக இன்னொரு ஊரில் அன்றாட வேலையாக நடக்கிறது. அவர்கள் கல்லில் பெயர் வெட்டவில்லையா என்று கேட்பீர்கள். வெட்டினார்கள். வெட்டிய ஊருணியில் எல்லாச் சாதியும் தண்ணீர் எடுக்க முடிந்ததா என்பது வேறு வழக்கு, அதற்கு இன்னொரு கடிதம் போடுங்கள். நான் சொல்வது கணக்கை. உங்கள் சங்கத்தில் போன மாதம் ஃப்ளெக்ஸ், மாலை, கேடயம், சாப்பாடு என்று ஆன செலவை ஒரு பக்கமும், மிஷின்களின் விலையை இன்னொரு பக்கமும் எழுதிப் பாருங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்கள் பார்த்தால் போதும்.

சங்கம் என்றாலே கிண்டல் செய்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். ரோட்டரி 1985இல் போலியோவைப் பிடித்தது, விடவில்லை. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஒழிந்தது என்ற சான்று 2014 மார்ச்சில். அதைவிட எனக்கு நெருக்கமானது அப்பத்தாவின் கண். தொண்ணூறுகளில், உங்களுடையதைப் போன்ற ஒரு சங்கம் நடத்திய முகாம். மதுரை அரவிந்திலிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்கள். 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை, இப்படி ஊர் ஊராக முகாம் போட்டுத்தான் வளர்ந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை. பார்வை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று மேசை மேசையாக நகர்த்தினார்கள். புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றினார்கள். சங்கத்துக்காரர் ஒருவர், ஏதோ கடை வைத்திருப்பவர் போல, அப்பத்தாவின் சுருக்குப் பையையும் மாற்றுச் சேலையையும் தூக்கிக்கொண்டு படியேற்றிவிட்டார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. மேடை இல்லை. மைக் ஒன்று இருந்தது, அடுத்த பத்துப் பேரைக் கூப்பிடுவதற்கு.

நான்கு நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கிய அப்பத்தா, வாசலில் நின்ற என் அம்மாவைப் பார்த்து, 'ஏண்டி, இம்புட்டு நரைச்சுப்போச்சு ஒனக்கு' என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

பேச வருகிறேனா என்று கேட்டிருந்தீர்கள். வருகிறேன், ஆனால் கேட்பதற்கு. உங்கள் பதவி ஜூன் 30 வரை. அதற்குள் ஒரு கூட்டத்துக்கு, அந்தப் பன்னிரண்டு பேரில் வர விருப்பமுள்ள ஒருவரைச் சிறப்புப் பேச்சாளராக அழையுங்கள். காரை அனுப்புங்கள், கவர் கொடுங்கள். மிஷின் ஓடுகிறதா, ஓரத்தில் சும்மா நிற்கிறதா? மோட்டார் வைத்தால் முழங்கால் வலி குறையுமா? பிளவுஸ் தைக்க அந்தத் தெருவில் ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்களா? பள்ளிச் சீருடை ஆர்டரை யார் வாங்கித் தர முடியும்? உங்கள் உறுப்பினர்களில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவராவது இருப்பார், அவரை முன்வரிசையில் உட்காரவையுங்கள். கெல்லர் அன்றைக்கு வந்தது பார்வையற்றவர்களைப் பற்றி ஆராய்ந்தவராக அல்ல என்பதையும் உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள்.

அந்த அம்மா அரை மணி நேரத்தைத் தாண்டிப் பேசினால் துண்டுச் சீட்டு அனுப்பாதீர்கள். சாப்பாடு ஆறட்டும்.