நேட்சர் பார்க்வே ஏன் ஐ-165 ஆனது?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து பௌலிங் கிரீனில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து ஓவன்ஸ்பரோ போகும் நேட்சர் பார்க்வே என்ற மாநில விரைவுச்சாலையை 2019இல் இன்டர்ஸ்டேட் 165 (சுருக்கமாக ஐ-165), அதாவது தேசிய விரைவுச்சாலைகளில் ஒன்று, ஆக்கிவிட்டார்களாம். அதே நாலுவழிச் சாலைதானே, பலகையை மாற்றியதில் யாருக்கு என்ன லாபம்?
- வாசகர், திருச்சி

பதில்: பலகை கடைசியில் வந்ததுதான், அதற்கு முன்னால் சாலையிலேயே வேலை நடந்திருக்கிறது. 1972இல் திறந்தபோது இது கிரீன் ரிவர் பார்க்வே என்ற சுங்கச்சாலை. ஏறுகிற வண்டி, இறங்குகிற வண்டி எல்லாமே ஒரே வசூல் சாவடியைக் கடந்து போகட்டும் என்று இணைப்புச் சாலைகளைச் சுருட்டி வளைத்துக் கட்டினார்கள். எப்படியும் காசு கொடுக்க நிற்கப்போகிற வண்டிதானே, வளைவு இறுக்கமாக இருந்தாலும் பரவாயில்லை என்ற கணக்கு. 2006இல் சுங்கம் போய்விட்டது, வளைவுகள் மட்டும் அப்படியே நின்றன. மணிக்கு 70 மைலில் வருகிற லாரி திடீரென்று அந்த வளைவுக்குள் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். இன்டர்ஸ்டேட் என்ற பெயர் வேண்டுமென்றால் வேகம் கூட்டவும் குறைக்கவும் போதுமான நீளத்தில் தனித்தடம், வலது ஓரத்தில் 10 அடி தார், பாலத்துக்கு அடியில் போதிய உயரம் என்று மத்திய அரசின் அளவுகள் இருக்கின்றன, அதற்காகத்தான் சில சந்திப்புகளைத் திருத்திக் கட்டினார்கள். என்னைக் கேட்டால், உங்கள் மகனுக்கு நேரடியாகக் கிடைத்த லாபம் இதுதான்.

அப்புறம் பெயர். நியூயார்க் பக்கம் பார்க்வே என்றால் பெரும்பாலும் லாரிக்கு அனுமதி கிடையாது. கென்டக்கியில் அந்தத் தடை இல்லை, ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? தொழிற்சாலைக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் இன்டர்ஸ்டேட் ஓரமாகத்தான் பார்ப்பார்கள். மாநிலத்தின் பெரிய நகரங்களில் ஒன்றான ஓவன்ஸ்பரோவுக்கு அதுவரை ஒரு இன்டர்ஸ்டேட்கூட இல்லை. பெயர் மாறியதால் மட்டும் தொழிற்சாலை வந்துவிடாது, சரி, ஆனால் பட்டியலிலேயே இல்லாத ஊரை யாரும் வந்து பார்க்கக்கூட மாட்டார்கள்.

எண்ணும் வழி சொல்லும். கடைசி இரண்டு இலக்கம் 65, அதாவது ஐ-65 என்ற பெரிய இன்டர்ஸ்டேட்டின் கிளை, முன்னால் ஒற்றைப்படை எண் வந்தால் பிரிந்து போகிற சாலை, இரட்டைப்படை என்றால் பெரும்பாலும் ஊரைச் சுற்றுகிற சாலை.

பின்னாளில் இந்தச் சாலைக்குப் பெயராக வந்த வில்லியம் நேட்சர் அந்தப் பகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினராக இருந்தவர், தொடர்ந்து 18,401 வாக்கெடுப்புகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர். அவர் பெயர் பின்னுக்குப் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் ஓவன்ஸ்பரோ அருகே ஒஹாயோ ஆற்றின் மேல் இருக்கும் பாலம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.