சாதாரண போனில் எடுத்த படங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்காசி பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பூச்சி, பறவை, ஓணான் என்று எதைக் கண்டாலும் போனில் படம் எடுத்துவிடுவேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன், மறுநாள் போய்விடும். போனில் இப்போது இடமே இல்லை. பெரிய கேமராக்காரர்கள் எடுக்கும் படங்களைப் பார்த்தால் என்னுடையவற்றை அழித்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. அதுவும் நான் எடுப்பவை எங்கும் இருக்கிற உயிர்கள். இவற்றால் யாருக்காவது பயன் உண்டா?

செல்வி

அன்புள்ள செல்வி,

தயவுசெய்து எதையும் அழித்துவிடாதீர்கள். உங்கள் படங்களில் தேதி இருக்கிறது, லொக்கேஷனைப் போட்டு வைத்திருந்தால் இடமும் இருக்கிறது. எந்த உயிர், எங்கே, எப்போது என்பதுதான் ஆய்வுக்கு வேண்டும். அடையாளம் தெரிகிற அளவுக்குப் படம் இருந்தால் போதும்.

எங்கும் இருக்கிற உயிர்களைத்தான் யாரும் குறித்து வைப்பதில்லை. பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறக்கும்போது சிறகில் நீலம் பளிச்சிடும், உங்கள் பக்கத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, அது குறைந்துகொண்டே வருகிறது என்கிறது. அதே அறிக்கையில் மயில் பெருகியிருக்கிறது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிய 3 கோடி பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். காக்கா, மைனாதானே என்று அவர்கள் விட்டிருந்தால் பனங்காடை குறைவது நமக்குத் தெரிந்தே இருக்காது.

பறவைகளுக்கு ஈபேர்ட் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற செயலி. 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. படத்தை ஏற்றினால் செயலியே ஒரு பெயரைச் சொல்லும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், பூச்சிகளில் அடிக்கடி தவறும். சந்தேகமாக இருந்தால் 'தட்டான்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். பெயர் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால் பதிவு ஆய்வுத் தரத்துக்கு உயரும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தேதியும் இடமும் உதிர்ந்துவிடும். அதனால் உங்கள் போனில் இருக்கும் மூலப்படத்தையே ஏற்றுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது படம் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். இலைமேல் பறவை எச்சம் மாதிரி, பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் சற்றுக் குனிந்து பாருங்கள், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். வளர வளர இலையின் பச்சைக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு போல நீட்டும், ஒரு நெடி வரும். போனை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் படம் மங்கிவிடும். ஒரு சாண் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, திரையில் புழுவின் மேல் விரலால் தொட்டு எடுங்கள். இலையும் காம்பும் தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுங்கள். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்கிறது என்பது அந்தப் படத்தில்தான் பதிவாகும். வண்ணத்துப்பூச்சியானால் மூடிய சிறகின் அடிப்பக்கத்தையும், செடியானால் இலையின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். பல இனங்களைப் பிரித்தறிவது அதை வைத்துத்தான். கூட்டில் இருக்கும் குஞ்சை மட்டும் எடுக்க வேண்டாம். தாய்ப்பறவை மிரண்டால் கூட்டையே விட்டுப் போய்விடலாம், எந்தப் பதிவும் அதற்கு ஈடாகாது.

ஸ்டேட்டஸ் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. தேவாங்கையோ நட்சத்திர ஆமையையோ பார்த்தால் ஊர்ப் பெயரோடு போட்டுவிடாதீர்கள். மாந்திரீகம் என்று தேவாங்கைப் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவாங்கைக் காக்கத்தான் 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தார்கள். ஆபத்திலிருக்கும் இனங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துவிடும். மற்றவற்றுக்கு நீங்களே மறைக்கலாம், உங்கள் வீட்டு இடம் வெளியே தெரிய வேண்டாம் என்றாலும் அப்படித்தான்.

அப்புறம், பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப் போங்கள். 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு ஈபேர்டில் ஏற்ற வேண்டும். எதையும் விடாமல் எழுதினால்தான் பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று ஆய்வாளருக்குத் தெரியும். காக்காவையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். முதல் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள், பெயர் தெரியாதவற்றைச் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்