நகலெடுத்த மெய்நிகர் கணினிகளுக்கு ஒரே ஐபி முகவரி ஏன்?

கேள்வி: உபுண்டு சர்வர் நிறுவிய ஒரு மெய்நிகர் கணினியை டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து மூன்று நகல்களை உருவாக்கினேன். மேக் முகவரிகள் (வலை அட்டைகளின் அடையாள எண்கள்) வெவ்வேறாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் மூன்றுக்கும் ஒரே ஐபி முகவரி கிடைக்கிறது. இணைப்பும் விட்டுவிட்டு வருகிறது. ஐபி முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரில் பழுதா?

பதில்: பழுது டிஎச்சிபி சர்வரில் இல்லை, பெரும்பாலும் உங்கள் டெம்ப்ளேட்டில்தான் இருக்கும். மேக் முகவரியைக் கொண்டே டிஎச்சிபி சர்வர் கணினிகளை வேறுபடுத்துகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கணினி தனக்கென ஓர் அடையாளத்தைக் கோரிக்கையுடன் சேர்த்து அனுப்பினால், சர்வர் அதற்கே முன்னுரிமை தரும். உபுண்டு சர்வரின் 18.04 பதிப்பு முதல் வலையமைப்பைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி என்ற மென்பொருள், இந்த அடையாளத்தை இடிசி (/etc) கோப்புறையிலுள்ள மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உருவாக்குகிறது. வட்டை நகலெடுக்கும்போது அந்தக் கோப்பும் மாறாமல் நகலாவதால், உங்கள் மூன்று கணினிகளும் சர்வரின் கண்ணுக்கு ஒரே கணினிதான்.

முதலில் மூன்றிலும் அந்தக் கோப்பைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால், கோப்பை அழிக்காமல் அதனுள் இருப்பதை மட்டும் காலிசெய்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். புதிய அடையாளம் தானாக உருவாகும். நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் டி-பஸ் தன் பங்குக்குத் தனியாக ஒரு மெஷின்-ஐடி கோப்பை வைத்திருந்தால், பழைய எண் அதிலிருந்து திரும்ப வந்துவிடும் என்பதால், அதை நீக்கிவிட்டு முதல் கோப்புக்கு ஓர் இணைப்பாக அமையுங்கள். உபுண்டுவின் வலையமைப்பு அமைப்புக் கருவியான நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளமாக மேக் முகவரியையே பயன்படுத்தச் சொல்லவும் வழி உண்டு. எனினும் நான் பரிந்துரைப்பது டெம்ப்ளேட்டையே திருத்துவதைத்தான். ஏனெனில் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் சாவிகளும் இதேபோல் எல்லா நகல்களிலும் ஒன்றாக இருக்கும், அது முகவரிச் சிக்கலைவிடக் கவலைக்குரியது.

கேள்வி: புதிதாக அமைத்த விண்டோஸ் மெய்நிகர் கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது. என்ன செய்வது?

பதில்: டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராதபோது விண்டோஸ் தானாகச் சூட்டிக்கொள்ளும் முகவரி அது. மெய்நிகர் வலை அட்டை சரியான போர்ட் குரூப்பில் (மெய்நிகர் ஸ்விட்சின் இணைப்புத் தொகுதியில்) இருக்கிறதா, வீலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரிக்கப்பட்ட தனி வலையமைப்பு) எண் சரியா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், அந்த வலையமைப்பில் யாரும் பயன்படுத்தாத ஒரு நிலையான முகவரியைத் தற்காலிகமாகக் கொடுத்து, அதே ஹோஸ்டிலும் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் உண்மையான கணினி) அதே வீலேனிலும் உள்ள மற்றொரு மெய்நிகர் கணினியையும், பிறகு வலையமைப்பின் வெளிவாயிலான கேட்வேயையும் பிங் செய்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். முன்னது பதில் தந்து கேட்வே தராவிட்டால், பெரும்பாலும் ஹோஸ்டுக்குள் குறையில்லை. வெளியே உள்ள ஸ்விட்சின், பல வீலேன்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் அந்த வீலேன் அனுமதிக்கப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். வேறு ஹோஸ்டில் நன்றாக இயங்கும் கணினியை இங்கு மாற்றியவுடன் அதுவும் துண்டிக்கப்படுமானால், தயங்காமல் ஸ்விட்ச் நிர்வாகியை அணுகலாம்.