கொத்தமல்லித் தண்ணியும் மலேரியா மாத்திரையும்

கேள்வி: மலேரியா மருந்து சிங்கோனா மரப்பட்டையில இருந்துதானே வந்துச்சு? அப்படின்னா கொத்தமல்லி, வேர்க்கொம்பு கசாயத்தோட மலேரியா மாத்திரையும் குடுத்தா டெங்கு, கொரோனா எல்லாம் நிக்கும்னு சொல்றாங்களே, டாக்டர்மார் ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க? (வாசகர், தலவாக்கலை)

பதில்: சிங்கோனாவ பத்தி நம்ம மலையில இருந்து ஒருத்தர் கேக்கிறது பொருத்தம்தான், ஹக்கல பூந்தோட்டத்தையே 1861ல சிங்கோனா வளர்த்துப் பார்க்கத்தான் தொடங்கினாங்க, பிறகு நோய் வந்து கோப்பி அழிஞ்சப்ப கொஞ்ச காலம் துரைமார் அதைத்தான் மலை மலையா நட்டாங்க. ஆனா மலேரியா கிருமி ஒரு ஒட்டுண்ணி, நம்ம ரத்தத்துல சிவப்பணுவ தின்னு வாழுது, தின்னதுல மிஞ்சுற நஞ்ச அது ஒதுக்க விடாம தடுத்துத்தான் குளோரோகுயின்ங்கிற மலேரியா மாத்திரை கொல்லுது. டெங்கு, கொரோனா ரெண்டும் வைரஸ், வைரஸ் ரத்தத்த தின்றதே இல்லையே, அந்த மருந்து எதைப் போய் தடுக்கும்?

ஆனாலும் சோதிக்காம யாரும் ஒதுக்கல. ஆய்வுகூடத்துல அந்த மருந்து குரங்கோட கிட்னி செல்லுல கொரோனா வைரஸ நிப்பாட்டுச்சு, மனுஷ நுரையீரல் செல்லுல நிப்பாட்டல. 2020ல பிரிட்டன்ல நடந்த ரிகவரிங்கிற பரிசோதனையில, குளோரோகுயினோட இனமான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் குடுத்த 1,561 பேர்ல 28 நாளுக்குள்ள செத்தவங்க 27 வீதம், குடுக்காத 3,155 பேர்ல 25 வீதம். அதே பரிசோதனையிலதான் டெக்ஸாமெதசோன்னு ஒரு பழைய மலிவான மருந்து, வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு சாவ குறைச்சதும் தெரிய வந்துச்சு, அத உலகம் பூரா உடனே எடுத்துக்கிட்டாங்க. டெங்குக்கும் வியட்நாம்ல குளோரோகுயின் குடுத்துப் பார்த்தாச்சு, வைரஸ் ரத்தத்துல இருக்கிற நாள் குறையல.

சோதிக்காம நம்பினா என்ன ஆகும்னு 2020 டிசம்பர்ல கேகாலையில பார்த்தோமே, கொரோனாவ நிப்பாட்டும்னு சொன்ன, தேனும் சாதிக்காயும் போட்ட பாணி வாங்க ஆயிரக்கணக்குல சனம் நெருக்கியடிச்சு நின்னுச்சு, அதை எல்லார் முன்னாலயும் குடிச்ச சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாசம் கொரோனா. வேலையும் கூலியும் போய் பயந்து கிடந்த சனத்த அப்படி வரிசையில நிக்க வச்சவங்க மேல எனக்கு இன்னும் கோவம் தீரல.

கொத்தமல்லி தண்ணி தாராளமா குடிங்க, காய்ச்சல்காரருக்கு தண்ணி வேணும், தொண்டைக்கும் இதம். என் பயம் வேற. கொழும்புல கடையில வேலை செய்ற நம்ம பிள்ளைங்க லீவுக்கு லயத்துக்கு வரும்போதே காய்ச்சலோட வருதுங்க, ரெண்டு மூணு நாள் கசாயம் குடுக்கிறோம், காய்ச்சல் விடுது, கசாயம் கேட்டுச்சுன்னு அம்மா கொழுந்து பறிக்க போயிடுறாங்க. டெங்குல ஆபத்தான நேரமே காய்ச்சல் விடுறப்பதான் தொடங்குது, ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு பிரஷர் இறங்கும். வயித்துவலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுறது, ஒன்னுக்கு குறையுறது, பல் ஈறுல ரத்தம், இதுல எது தெரிஞ்சாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க, விடியட்டும்னு நிக்காதீங்க. காய்ச்சலுக்கு பனடோல் மட்டும் அளவா குடுங்க, டிஸ்பிரின், புரூஃபன் வேணாம், ரத்தக்கசிவ கூட்டும். மலேரியா மாத்திரைய டாக்டர் சொல்லாம வாங்கிப் போடாதீங்க, நெஞ்சுத் துடிப்பையே குழப்பக்கூடிய மருந்து அது. மூணாம் நாளும் காய்ச்சல் நிக்கலன்னா ரத்தம் செக் பண்ணுங்க, அன்னைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போனாலும் பரவாயில்ல.