மார்க் 1 உடலில் 1275 எஞ்சின் உள்ள வாண்டன் பிளாஸ் பிரின்சஸ் கார் அசலானதா?

நீங்கள் வாங்க நினைக்கும் பிரின்சஸ் 1967 ஆகஸ்டில் பதிவானது, மார்க் 1 எனப்படும் முதல் வடிவ உடலுக்கே உரிய நீளமான பின்பக்க வால் துடுப்புகள் இருக்கின்றன, எஞ்சினோ 1275 சிசி, "1100 காரில் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள்" என்று மெக்கானிக் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். அந்தத் தேதிக்கு அந்த உடலும் அந்த எஞ்சினும் சேர்ந்திருப்பதுதான் முறை.

பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த 1100 காரின் அமைப்பு அலெக் இசிகோனிஸுடையது, தோற்றம் பினின்ஃபரினாவுடையது. இரும்புச் சுருள் இல்லாமல் ரப்பரும் திரவமும் சேர்ந்து தாங்கும் ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷனை வடிவமைத்தவர் அலெக்ஸ் மோல்ட்டன். இந்தச் சின்னக் காரை எடுத்து, தோல் இருக்கைகள், வால்நட் மர டாஷ்போர்டு, கனத்த கம்பளம் எல்லாம் வைத்துப் பெரிய மனிதர்களின் காராக்கியது வாண்டன் பிளாஸ் பட்டறை. அது இருந்த இடம் கிங்ஸ்பரி. இன்று நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் வடமேற்கு லண்டன் பகுதி. 1963 லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகப் பார்வைக்கு வந்த அந்தக் கார்தான் பிரின்சஸ் 1100. முன் இருக்கையின் முதுகில் மடித்து வைத்திருக்கும் மரப் பலகையை இழுத்து இறக்கினால், பின்னால் இருப்பவர் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொள்ள ஒரு மேசை கிடைக்கும். இன்றைய விலையுயர்ந்த கார்களில்கூட எனக்கு அந்த மேசையைப் போல நிறைவு தரும் பொருள் எதுவும் இல்லை.

ஆனால் மரமும் தோலும் சத்தம் அடக்கும் விரிப்புகளும் எடையைக் கூட்டின. 1098 சிசி எஞ்சின் இரண்டு கார்புரேட்டர் வைத்து 55 குதிரைத்திறன் தந்தும் மேடேறும்போது திணறியது. 1967 மே மாத இறுதியில், இதே கார் எம்ஜி, ரைலி கெஸ்ட்ரல், வுல்ஸ்லி, வாண்டன் பிளாஸ் என்ற பெயர்களில் வந்த நான்கு வகைகளிலும் 1275 சிசி எஞ்சின் கிடைக்கும் என்று பிஎம்சி அறிவித்தது. துடுப்பைக் குறைத்து, பின்விளக்கை மாற்றிய மார்க் 2 உடல் வந்ததோ அந்த ஆண்டு அக்டோபரில். இடைப்பட்ட அந்தச் சில மாதங்களில் பழைய உடலும் புதிய எஞ்சினுமாக வெளியானவைதான் இந்த 1275 கார்கள். எண்ணிக்கை சொற்பம் என்பதால் பல மெக்கானிக்குகள் தங்கள் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரிபார்க்க முதலில் பானெட்டைத் திறங்கள். இந்த 1275 எஞ்சினுக்கு எஸ்யூ என்ற தயாரிப்பின் ஒரே ஒரு கார்புரேட்டர்தான். எஞ்சினின் மேலே இருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றினால் சிலிண்டர் ஹெட்டின் மேல் வார்ப்பு எண் தெரியும்: 12ஜி940 என்றால் 1275 வகை, 12ஜி295 என்றால் பழைய இரட்டை கார்புரேட்டர் 1098 வகை. ஹெட்டை மட்டும் மாற்றுவது எளிது என்பதால் இதோடு நிறுத்த முடியாது. அடுத்து கியர். கார் மெல்ல உருளும்போது முதல் கியரைப் போட்டுப் பாருங்கள். பற்கள் உரசிக் கரகரத்தால் நல்ல செய்தி! 1967-இல் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு) கிடையாது, 1968-இல்தான் வந்தது. இந்தக் காரில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே, அதே எண்ணெயில் ஊறிக்கொண்டு இருக்கிறது. எனவே பிற்கால 1300 காரின் எஞ்சினை (அதுவும் 1275 சிசிதான்) தூக்கி வைத்தவர்கள் பெரும்பாலும் கியர்பாக்ஸோடு சேர்த்தே வைத்தார்கள். முதல் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தால் சந்தேகப்படுங்கள். ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் இந்தச் சோதனை பயன்படாது.

எனக்குத் தெரிந்த ஒருவரின் 1275 காரில், புதுப்பித்துக் கொடுத்தவர் ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு இரட்டையாகப் பொருத்தியிருந்தார். "பிரின்சஸ் என்றால் இரண்டு இருக்க வேண்டுமே" என்பது அவர் நியாயம். 1100-க்கு இரண்டு, 1968-இல் வந்த 65 குதிரைத்திறன் 1300-க்கும் இரண்டு. நடுவில் வந்த 58 குதிரைத்திறன் கார்களுக்குத்தான் ஒன்று. வேலை நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காரை அடையாளம் காட்டிய பொருள் குப்பைக்குப் போய்விட்டது. துருவை விட இந்தத் 'திருத்தம்' மோசமானது என்பேன். துருப்பிடித்த தகட்டை வெட்டி வேறு தகடு பற்றவைக்கலாம். எது எங்கே இருந்தது என்ற தடயம் ஒருமுறை போனால் போனதுதான்.

மார்க் 2 உடலில் 1098 எஞ்சினோடு வந்த பிரின்சஸும் அரிதுதான், 1968-இலேயே நிறுத்திவிட்டார்கள். மார்க் 2 உடலில் ஒற்றைக் கார்புரேட்டரோடு வந்த தொடக்கக் கால 1300-உம் அப்படியே. இந்த வகைக் கார்கள் ஜப்பானியர்களுக்கு மிகவும் பிடித்துப்போய், நல்ல நிலையில் இருந்த பல அங்கே போய்விட்டன. அதனால் இங்கிலாந்தில் தேடுபவர்களுக்குப் போட்டி அதிகம்.

விலை பேசுவதற்கு முன் பழைய பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் பதிவிலேயே எஞ்சின் எண்ணும் 1275 என்ற அளவும் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இல்லையென்றால், கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்துக்குக் கார் எண்ணை எழுதி, தயாரிப்புப் பதிவு கிடைக்குமா என்று விசாரியுங்கள். காருக்கு அடியில் படுத்து, பின்புற சப்ஃபிரேம் (பின்சக்கரங்களைத் தாங்கும் தனிச் சட்டம்) உடலோடு சேரும் இடங்களைத் திருப்புளியால் குத்திப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்கிவிட்டால் அந்த ஒற்றைக் கார்புரேட்டரை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.