எழுத்தில்லாத இரண்டு பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அன்றாடச் சத்தங்களைப் பற்றிய உங்கள் படப்புத்தகத்தை என் 5 வயது மகளுக்காக வாங்கினேன். அம்மிக்கும் மழைக்கும் தையல் மிஷினுக்கும் சத்தத்தை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கொத்து பரோட்டா கடை வரும் 2 பக்கங்களில் மட்டும் ஒரு எழுத்துகூட இல்லை. அச்சுப்பிழையா? அவள் ஒவ்வொரு நாளும் ஒரு சத்தம் போடுகிறாள். எது சரி என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ரயில் ஏன் இல்லை? பாட்டு வகுப்பில் சேர்க்கலாமா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள வாசகிக்கு,

அச்சுப்பிழை இல்லை, வேண்டுமென்றே விட்டதுதான். அங்கே ‘டக டக’ என்று போட்டிருந்தால் உங்கள் மகள் என் சத்தத்தை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பாள். இப்போது தினம் ஒன்று போடுகிறாளே, எல்லாமே சரிதான். திருத்தாதீர்கள்.

ஒருநாள் சாயங்காலம் அவளைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மாஸ்டர் எடுத்த எடுப்பில் வேகம் பிடிப்பதில்லை. பரோட்டா முழுசாகக் கிடக்கும்போது அடி கனமாக, விட்டுவிட்டு விழும். துண்டு சிறுத்தால் இரண்டு கையும் மாறி மாறி ஓடும். முட்டையும் சால்னாவும் ஊற்றியதும் சத்தம் சட்டென்று மங்கி, ஈரம் வற்ற வற்ற மறுபடி கணீரென்று ஏறும். நடுவில் வெறும் கல்லின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். பரோட்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, அது அவர் சந்தோஷம். ‘என்ன சத்தம்?’ என்று கேட்காமல், ‘அடுத்த அடி எப்போ விழும்?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் அவள் கை தட்டிவிட்டால் தாளம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அதன் மேலேயே ‘தகதிமி’ சொல்லலாம், 4 எண்ணிக்கை. முன்னால் 3 எண்ணிக்கை ‘தகிட’ ஒன்று சேர்த்தால் 7, இந்த ஏழு எண்ணிக்கைக்குப் பாட்டுக்காரர்கள் வைத்த பெயர் மிஸ்ரம். மிருதங்கம் கற்கிற பிள்ளைகளும் இந்தச் சொற்களை வாயால் சொல்லிப் பழகித்தான் வாசிக்கிறார்கள்.

ரயிலை யோசித்தோம். அந்தக் காலத் தண்டவாளத்தில் 13 மீட்டருக்கு ஒரு இணைப்பு இருக்கும், சக்கரம் அதைத் தாண்டும்போது வருவதுதான் நமக்குத் தெரிந்த ‘தடக் தடக்’. இப்போது பெரும்பாலும் நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். தடம் மாறுகிற இடங்களில்தான் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. இந்தக் காலத்துக் குழந்தையிடம் என் சிறுவயது ரயிலை விற்க மனம் வரவில்லை.

வகுப்பு அவள் கேட்டால் சேருங்கள், அவசரமில்லை. பாரதியின் குயில் பாட்டில் குயில் தன்னைக் கவர்ந்த இசைகளை அடுக்கும்போது காற்று, ஆறு, கடல், ஏற்றப்பாட்டு, நெல் இடிக்கிற பெண்கள் எல்லாம் வந்த பிறகுதான் குழலும் வீணையும் வருகின்றன. எனக்கும் அந்த வரிசையே சரியாகப் படுகிறது.

கடையில் அவளுக்கும் ஒரு பிளேட் சொல்வதாக இருந்தால், மிளகுத்தூளைக் குறைக்கச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்